ரேகைச் சட்டம் எங்கே போயிற்று?

2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சிறைகளில் நிலவும் சாதிப் பாகுபாடு பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு அது. எந்தச் சாதிக் கைதி சமைக்க வேண்டும், எந்தச் சாதிக் கைதி கழிவறை கழுவ வேண்டும் என்று பல மாநிலச் சிறைக் கையேடுகளில் எழுத்திலேயே இருந்ததை அவர் வெளியே கொண்டுவந்திருந்தார். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று பேர் அமர்வு அந்த விதிகளை ரத்து செய்தது. செய்திகளில் சமையலும் துப்புரவும்தான் அதிகம் பேசப்பட்டன. பேச வேண்டியவைதான். ஆனால் என்னை நாள்கணக்கில் போட்டு அலைக்கழித்தது அந்தத் தீர்ப்பின் வேறொரு பகுதி.

இரவுக் காவலுக்கு எந்தக் கைதியை நியமிக்கலாம் என்று சொல்லும் மேற்கு வங்கச் சிறை விதி ஒன்று, தப்பி ஓடும் குணம் இயல்பிலேயே உள்ள வகையினரை, உதாரணமாக நாடோடிக் குலத்தாரை, விலக்கிவிடச் சொல்கிறது. மத்தியப் பிரதேசக் கையேடு இன்னும் மோசம். சீர்மரபினர் யாராக இருந்தாலும், மாநில அரசு நினைத்தால், அவரைத் தொடர் குற்றவாளியாக நடத்தலாம் என்கிறது. சீர்மரபினர் என்கிற வகையே குற்றப் பழங்குடிகள் சட்டம் ஒழிந்த பிறகு உண்டானதுதான். அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் என்பதே அதற்குப் பொருள். ஆகவே இது வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்து நாம் அழிக்க மறந்த வரி கிடையாது. சுதந்திர நாட்டில், ஒரு மாநில அரசு உட்கார்ந்து யோசித்து எழுதிய வரி.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். புத்தகங்களில் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று வருவதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பெருவிரலை மையில் அழுத்தி எடுத்ததால் அந்தப் பெயர். அது போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் இன்று எங்கள் பகுதியில் நடக்கும் அரசியல் சண்டைகளில் பாதிக்கு மேல் அந்தச் சட்டம் போட்டுக் கொடுத்த கோட்டின் மேல்தான் நடக்கின்றன. சாதிச் சான்றிதழ், இட ஒதுக்கீடு, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன் பதிவேடு, எதை எடுத்தாலும் கொஞ்சம் சுரண்டினால் அடியில் ரேகைச் சட்டம் தெரியும்.

முதல் சட்டம் 1871இல் வந்தது. அப்போது வட இந்தியப் பகுதிகளுக்கு மட்டும். அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சமூகத்தைக் குற்றப் பழங்குடி என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. இதைச் சட்டத்தின் இதயம் என்பேன். தனி மனிதன் என்ன செய்தான் என்ற கேள்வியே எழாது. பிறந்தாலே போதும், பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறிய பெயர் வெளியூர் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். கூப்பிட்ட நேரத்தில் ஆஜராக வேண்டும். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் பின்னால் அதிகாரம் சேர்த்துக்கொண்டார்கள்.

1911இல் புதுச் சட்டம் போட்டு இந்தியா முழுவதற்கும் விரித்தார்கள். சென்னை மாகாணம் அப்போதுதான் இதற்குள் வந்தது. கைரேகை பதியும் கட்டாயமும் அதோடு வந்தது. 1924இல் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஒரு சட்டம். பட்டியலில் உள்ள சமூகத்துக்காரர் குறிப்பிட்ட குற்றங்களுக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஏழு ஆண்டு, மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் நாடு கடத்தல். அதே குற்றத்தைப் பட்டியலுக்கு வெளியே உள்ளவர் செய்தால் இந்தக் கணக்கு கிடையாது.

எங்கள் பக்கத்தில் அனுமதிச் சீட்டுக்கு ராதாரிச் சீட்டு என்று பெயர். மாட்டுச் சந்தைக்குப் போகவும் சீட்டு, பெண் கொடுத்த ஊருக்குப் போகவும் சீட்டு. ராத்திரியில் ஆண்கள் வீட்டில் படுக்கக் கூடாது, சாவடிக்குப் போய்விட வேண்டும். அப்பத்தா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தாது. "கல்யாணமாகி வந்த மூணாம் நாளே ஒங்க தாத்தா சாவடிக்குப் படுக்கப் போயிட்டாரு. நான் யாருமில்லாத வீட்ல முழிச்சுக் கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடும். சட்டம் என்றால் கோர்ட்டும் ஜெயிலும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது படுக்கையறைக்குள்ளும் வந்து உட்காரும் என்று தெரிந்தது அப்படித்தான்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி, எங்கள் பக்கத்துக் கள்ளர் ஊரான பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்க வந்தார்கள். ஊர் மறுத்தது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் கோத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். அவர்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப், கேரளத்தில் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் செய்த வக்கீல். சட்டையில் ரோஜாப்பூ வைத்திருப்பார் என்பதால் சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைப் பாடப் புத்தகத்தில் படித்த நான், பக்கத்து ஊரில் நடந்ததை வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அது இன்றும் மனசுக்கு ஆறவில்லை.

கள்ளர்கள் மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறவர், குறவர், வலையர், ஒட்டர், தென்னார்க்காட்டுப் படையாட்சி, தொட்டிய நாயக்கர் என்று பட்டியல் நீளம். குறவர்களின் கதை தனியாக எழுத வேண்டியது. கழுதைகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்தவர்கள். உப்பு அரசின் கைக்குப் போனது, ரயில் வந்தது, காட்டில் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. பிழைப்பு போனது. பிழைப்பைப் பிடுங்கிய அதே அரசு, இவர்கள் நிலையான தொழில் இல்லாமல் அலைகிறார்கள், அதனால் திருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டது. ஆந்திரத்தில் பாபட்லா அருகே ஸ்டூவர்ட்புரம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. தெலுங்கு நாட்டில் எருகுலர் எனப்படும் குறவர்களை அடைத்து வைக்க உருவாக்கிய குடியிருப்பு. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்தியது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்கிருந்து வந்த பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

சரி, சட்டம் எப்படிப் போனது? சென்னை மாகாணம் 1947லேயே நீக்கிவிட்டது. முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் வருடக்கணக்கில் நடத்திய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. நாடு முழுவதற்குமாக நீங்கியது 1952 ஆகஸ்ட் 31. அந்த நாளை வடக்கே விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 15, இவர்களுக்கு ஐந்து வருடமும் பதினாறு நாளும் கழித்து.

ஆனால் அந்த இடைவெளியில் வேறொன்று நடந்தது. 1948இல் சென்னை மாகாணம் தொடர் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. குற்றப் பழங்குடிகள் சட்டத்தை ஆராய மத்திய அரசு அமைத்த அனந்தசயனம் ஐயங்கார் குழுவும், பழைய சட்டத்தை நீக்குங்கள், அதற்குப் பதிலாகச் சாதி பார்க்காத ஒரு தொடர் குற்றவாளிச் சட்டம் போடுங்கள் என்றுதான் சொன்னது. மாநிலங்கள் வரிசையாகப் போட்டன. காகிதத்தில் பார்த்தால் இது நியாயமாகத் தெரியும். பிறப்பைப் பார்க்கவில்லை, ஆள் எத்தனை முறை தண்டிக்கப்பட்டான் என்றுதான் பார்க்கிறது. ஆனால் எத்தனை முறை தண்டிக்கப்பட்டான் என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பழைய சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் கண்காணிக்கப்பட்டு, சாவடிக்கு வராததற்கும் சீட்டில்லாமல் நடந்ததற்கும்கூட உள்ளே போனவர்களின் ஊர்கள் எவை என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தெரியும். பதிவேடுகள் அங்கேயே இருந்தன. அவற்றைப் பார்த்தவர்களும் அதே போலீஸ்காரர்கள்தான். நம் அரசியல் சட்டத்தின் 372ஆம் பிரிவு, நீக்கப்படாத பழைய சட்டங்கள் எல்லாம் தொடரும் என்கிறது. 1948 சட்டம் அப்படியே தொடர்ந்தது, தமிழ்நாட்டுச் சட்டம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

மதுரையில் சில வருடங்கள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். கோர்ட் வராண்டாவில் "அவன் மேல 110 போட்டிருக்கு" என்பது தினமும் கேட்கும் பேச்சு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, தொடர் குற்றவாளி என்று கருதப்படுபவரிடம் நன்னடத்தைக்குப் பிணை கேட்பது. 1898 சட்டத்தில் இருந்தது, 1973 சட்டத்தில் அதே எண்ணில் இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 129 ஆகியிருக்கிறது. காலனியச் சட்டங்களைக் களைந்துவிட்டோம் என்று அறிவித்தபோது இந்தப் பிரிவை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வராண்டாவில் 110க்காக வந்து நின்றவர்களின் ஊர்ப் பெயர்களை நான் கேட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப அதே ஊர்கள். இதை வைத்துப் புள்ளிவிவரம் சொல்ல வரவில்லை. ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

இதனால் உயிர் போயிருக்கிறது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில், திருட்டு வழக்கில் பிடித்துவரப்பட்ட குறவர் ஒருவர் சித்திரவதையில் இறந்தார். உண்மை நீதிமன்றத்தில் நிலைபெற 2006 ஆயிற்று. 1998இல் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் சபர் இனத்தைச் சேர்ந்த புதன் சபர் காவலில் செத்தார். தற்கொலை என்றார்கள். எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியும் அறிஞர் கணேஷ் தேவியும் மற்றவர்களும் விடவில்லை, கல்கத்தா உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகுதான் சீர்மரபினர் உரிமை என்பது தேசிய அளவில் ஒரு பேச்சானது. 2000இல் தேசிய மனித உரிமை ஆணையம் தொடர் குற்றவாளிச் சட்டங்களை நீக்கப் பரிந்துரைத்தது. 2007இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவும் அதையே சொன்னது. 2024 மே மாதம், தில்லி போலீஸ் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில், பின்தங்கிய சமூகங்களில் பிறந்தவர் என்பதற்காகவே அப்பாவிகளின் பெயரை ஹிஸ்டரி ஷீட் என்ற போலீஸ் கண்காணிப்புப் பதிவேட்டில் இயந்திரம் போல ஏற்றுகிறார்கள் என்ற கவலையை உச்ச நீதிமன்றம் எழுதி வைத்தது. ஐந்து மாதம் கழித்து சிறைத் தீர்ப்பு. கால் நூற்றாண்டாக வெவ்வேறு வாய்கள் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதுவரை சொன்னது ஸ்டேஷனில் இருக்கும் பட்டியல். தாலுகா ஆபீசில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருப்பவையும் அதே பெயர்கள்தான்.

தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் சீர்மரபினர். 1979 வரை இவர்களுக்குக் கிடைத்த சான்றிதழில் பழங்குடி என்ற சொல் இருந்தது. அந்த ஆண்டு ஓர் அரசாணை அதைச் சமூகம் என்று மாற்றியது. ஒரு சொல்தானே என்று விட முடியவில்லை. தேசிய அளவில் ஆணையங்கள் அமைந்து, சீர்மரபுப் பழங்குடிகளுக்கென்று திட்டங்கள் பேசப்பட்டபோது, தமிழ்நாட்டுக்காரர் கையில் இருந்த சான்றிதழ் அந்த வகைக்குள் பொருந்தவில்லை. வருடக்கணக்கில் உண்ணாவிரதம், ஊர்வலம், மனு. 2019 மார்ச்சில் மறுபடி ஓர் அரசாணை: மாநிலச் சலுகைக்குச் சமூகம் என்று ஒரு சான்றிதழ், மத்தியச் சலுகைக்குப் பழங்குடி என்று இன்னொரு சான்றிதழ். ஒரே பிள்ளைக்கு இரண்டு காகிதம் என்று ஆனது. என் அக்கா மகளுக்கு விண்ணப்பம் போட்டபோது கவுண்டரில் இருந்தவருக்கே எது எதற்கு என்று தெரியவில்லை. மூன்று தலைமுறைக்கு முன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய பெயர்ப் பட்டியல்தான் இன்றைக்கு அந்தப் பெண்ணின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது. எந்தச் சொல்லுக்காகத் தாத்தா உதைபட்டாரோ, அந்தச் சொல்லைத் தன் பெயரோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லிப் பேத்தி வரிசையில் நிற்கிறாள். இதில் முரண் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. செய்த அநியாயத்துக்கு ஈடு கேட்க வேண்டுமானால், அநியாயம் யாருக்குச் செய்யப்பட்டது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இட ஒதுக்கீட்டுச் சண்டையும் அந்தக் கணக்கின் மேல்தான். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனியே பிரித்தபோது சீர்மரபினர் அதற்குள் வந்தார்கள். 2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்பு வரவிருந்த நேரத்தில், அந்த 20ஐ மூன்றாக உடைத்தார்கள். வன்னியர்களுக்கு 10.5, சீர்மரபினர் 68 சமூகங்களையும் வேறு 25 சமூகங்களையும் சேர்த்து 7, மீதிப் பேருக்கு 2.5. எங்கள் பக்கத்தில் கொதித்துப் போனார்கள். 2021 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தகுந்த தரவு இல்லாமல் பிரித்தார்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். நான் வன்னியர்களின் கோரிக்கையை எதிர்ப்பவன் இல்லை. தென்னார்க்காட்டுப் படையாட்சிகளும் இந்த ரேகைப் பட்டியலில் இருந்தவர்கள்தான் என்பதை இரண்டு தரப்பும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை, அது எனக்கு வருத்தம். ஒரே சாவடியில் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சதவீதத்துக்காக எதிரெதிரே நிற்கிறார்கள்.

பள்ளிக்கூடக் கதையும் இருக்கிறது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசு கள்ளர் சீரமைப்பு என்று ஒன்றைத் தொடங்கியது. பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள். குற்றவாளிக் கூட்டத்தைத் திருத்துவது என்ற நினைப்பில் வந்தவை அவை. ஆனால் சனங்கள் அவற்றைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். நிலம் கொடுத்தார்கள், கட்டடத்துக்குக் கல் சுமந்தார்கள். அப்பாவும் சித்தப்பாக்களும் படித்தது அப்படி ஒரு பள்ளியில். இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறக்குறைய 300 பள்ளிகள் இருக்கின்றன. 2023 பட்ஜெட்டில் இவற்றையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் போன்றவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அரசு அறிவித்தது. பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்று 2024இல் நீதிபதி சந்துரு குழுவும் சொன்னது. எங்கள் பகுதியில் கடும் எதிர்ப்பு. இதில் என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. பள்ளிக்கூடப் பலகையில் சாதிப் பெயர் இருப்பது அங்கே படிக்கும் பிள்ளைக்கு நல்லதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளிகளை நடத்தும் துறையும் சொத்தும், 16 உயிருக்கு ஈடாகக் கிடைத்த ஒரே பொருள் என்று நினைக்கும் கிழவரிடம் நிர்வாக வசதி என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அவரைச் சாதி வெறியர் என்று சமூக ஊடகத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் பெருங்காமநல்லூர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. சீர்மரபினரைத் தனியே எண்ண வேண்டும் என்ற கோரிக்கை பல மாநிலங்களிலிருந்தும் எழுந்திருக்கிறது. நாட்டில் இத்தகைய சமூகங்களில் 260க்கும் மேற்பட்டவை பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது அரசு அமைத்த ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. அவர்களுக்கு ரேகைச் சட்டம் கொடுத்த அவப்பெயர் மட்டும் மிச்சம், சான்றிதழும் கிடையாது. அந்தச் சமூகங்கள் எண்ணப்பட வேண்டும். தாலுகா ஆபீஸ் பட்டியல் இன்னும் ஒழுங்காக, இன்னும் முழுமையாக வேண்டும்.

ஸ்டேஷன் பட்டியல் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, ஒன்று சாதியே எழுதாதே என்கிறார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அப்படியே வை என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொல்லியிருக்கிறது. தொடர் குற்றவாளி என்பதற்கு மாநிலச் சட்டங்களில் உள்ள வரையறையை மட்டும்தான் சிறைகள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அப்படியானால் பந்து மாநிலச் சட்டமன்றங்களிடம் வந்துவிட்டது, ஏனென்றால் அந்த வரையறையே அவர்கள் போட்ட சட்டத்தில்தான் இருக்கிறது. நாட்டுக்கு ஐந்து வருடம் முந்தி 1947இல் ரேகைச் சட்டத்தை நீக்கிய மாகாணம் நம்முடையது. 1948 சட்டத்தை நீக்க ஒரு பக்க மசோதா போதும். சீர்மரபினர் வாக்குக் கேட்டு எங்கள் ஊருக்கு வராத கட்சி இல்லை. அடுத்த முறை வருகிறவர்களிடம் சான்றிதழைப் பற்றியும் சதவீதத்தைப் பற்றியும் கேட்பதோடு, இந்த மசோதாவை எந்தக் கூட்டத்தொடரில் கொண்டுவருவீர்கள் என்றும் கேட்பது என்று நாங்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம்.